லைட் பார்க்க எடுத்த படங்கள்

இந்தத் தெருவில் அவருக்குப் பெயர் பளிச். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. அதையும் சட்டம் போட்டு மாட்டி, அதன்மேலேயே காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதிக்கொடுப்பது. இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, ஒரு பிளைவுட் பலகை. அவர் தும்மினால் என் மேஜைமேல் பேப்பர் பறக்கும். அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி பலகை வழியாகக் கேட்டது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லவேண்டாம். காதைக் கழற்றி வைத்துவிட்டா கடை நடத்த முடியும்?

பளிச் என்ற பெயர் சும்மா வரவில்லை. ஒரு முகத்தில் புள்ளி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. படம் எடுத்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தைப் பெரிதாக்கி, மவுஸைப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பருவுக்குப் பத்தாம் நம்பர் பிரஷ், பாலுண்ணிக்குப் பதினாலு. தேமலுக்கும் மங்குக்கும் பெரிய பிரஷ், ஒட்டடை அடிப்பது போல மெதுவாக. அம்மைத் தழும்புக்கு ஒன்றொன்றாக, பொறுமையாக. ஒரு புள்ளிக்கு ஒரு டிக். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே எந்த முகத்தில் எத்தனை இருந்தது என்று என்னால் சொல்லிவிட முடியும். வந்தவர்கள் படத்தைப் பார்த்து, "நானா இது?" என்று வாயெல்லாம் பல்லாகப் போவார்கள்.

எனக்கும் அவருக்கும் இதில்தான் சண்டை. மனுவில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இரண்டு குறி எழுதவேண்டும். நான் ஒருவரை உட்காரவைத்து, உற்று உற்றுப் பார்த்து, "வலது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதுவேன். அந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போய், அந்த மச்சத்தை அழித்துக்கொண்டு வருவார். மனு திரும்பி வரும். "மச்சம் எங்கே?" என்று ஆபீஸில் கேட்பார்கள். ஏச்சுப்பேச்சு வாங்குவது நான்.

"அண்ணே, மனுஷனுக்கு ஒரு அடையாளமாவது விட்டுவைங்களேன்" என்று பலகையைத் தட்டிக் கத்துவேன்.

"பேரு எழுதியிருக்கீங்கல்ல ஜெராக்ஸம்மா, அது போதாதா?" என்று பதில் வரும்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காதான் வருகிறவர்களுக்குத் தலை வாரிவிடுவது, கடைக் கோட்டை மாட்டிவிடுவது, படங்களை வெட்டிக் கவரில் போடுவது எல்லாம். அக்காவின் உதட்டோரத்தில், வலது பக்கம், ஒரு மச்சம். பிறந்ததிலிருந்து உண்டு. உலகத்தில் உள்ள எல்லா முகத்தையும் துடைத்த மனுஷன் அந்த ஒன்றை மட்டும் தொடமாட்டார். ஸ்டுடியோ ஜன்னலில் மாதிரிக்காக ஒட்டியிருப்பது அக்காவின் படம், எட்டுப் படம் உள்ள ஒரு தாள். வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்து மாற்றுவார். மற்றபடி கழுவிவிட்டது போன்ற முகம், உதட்டோரத்தில் மட்டும் அந்த மச்சம். "அது மட்டும் எப்படித் தப்பிச்சுதாம்?" என்று ஒருநாள் கேட்டேன். "அது அவளோடது" என்றார். அதற்குமேல் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தினமும் கடை திறந்ததும் முதல் வேலை லைட் பார்ப்பது. விளக்குகள் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காதாம். அக்காவை முக்காலியில் உட்காரவைத்து, தாடைக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்லி, ஒரு படம் எடுப்பார். அட்டை வெள்ளையாகவும் அக்கா அக்காவாகவும் தெரிந்தால் லைட் சரி. பிறகுதான் வாடிக்கையாளர். பத்து வருஷத்துக்குமேல் இந்தச் சடங்கு தவறியதில்லை. அக்கா ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பார், சில நாள் வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, சில நாள் அவரைத் திட்டிக்கொண்டு. யாருக்கும் காட்டாத படம்தானே.

இரண்டு வருஷமாக அந்தச் சடங்கில் ஒரு வசனம் சேர்ந்திருந்தது.

"மூக்கோரம் மினுங்குது. எண்ணெய் வழியுது பாரு. பவுடர் போட்டுட்டு வா."

"போட்டுட்டுத்தான் வந்தேன்."

"இன்னும் கொஞ்சம் போடு."

இதைக் காலை வணக்கம் போலத் தினமும் கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அக்காவின் மூக்குக்கு இடது பக்கம், கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, கருப்பாக ஒரு புள்ளி இருந்தது. நானும் பார்த்திருக்கிறேன். இன்னொரு மச்சம் என்று நினைத்தேன். மச்சக்காரிக்கு இரண்டு இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு காலையில் பலகைக்கு அந்தப் பக்கம் குரல் மாறியது.

"அட்டையில என்ன செவப்பு?"

"துண்டால அழுத்தித் துடைச்சேன். கீறிடுச்சு."

அவர் அட்டையை மாற்றினார். பத்து நாள் கழித்துப் புது அட்டையிலும் ஒரு பொட்டு இரத்தம். வெள்ளை கெட்டுப்போனால் லைட் கெட்டுப்போகும் என்று அவருக்குக் கோபம். மூன்றாவது அட்டையையும் மாற்றிய அன்று நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் அக்காவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளியின் நடுவில் சின்னக் குழி, அதில் காய்ந்த பொருக்கு. சுற்றிலும் ஓரம் மட்டும் மேடாக, ஈரம் பட்டது போல மினுமினுவென்று. விரலால் துடைத்தேன். ஈரம் எதுவும் இல்லை.

"ஆறி ஆறி வருது தங்கச்சி. பொருக்கு விழுது, திரும்ப வருது. மச்சம்தானே, என்ன பண்ணிடும்" என்றார் அக்கா.

"மூணு அட்டை போச்சு. வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்" என்றேன். ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன்.

தோல் டாக்டர் நடுவயது அம்மா. சிரித்த முகம். விளக்கு பொருத்திய ஒரு கண்ணாடியை அக்காவின் கன்னத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பொறந்ததுலேருந்து" என்றார் அக்கா, யோசிக்காமல்.

"இந்த மினுமினுப்பு?"

"அது எண்ணெய்ங்க டாக்டர்" என்றார் பளிச். "அவளுக்கு அந்த இடத்துல எண்ணெய் வடியும்."

"எண்ணெய்னா துடைச்சா போகணுமே. பவுடர் போட்டா மறையணுமே." டாக்டர் கண்ணாடியை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "ஓரம் முத்து மாதிரி இருக்கா? அதுமேல முடி மாதிரி ரத்தக் குழாய் ஓடுதா? நடுவுல புண். ஆறுற மாதிரி ஆறி, திரும்ப வருது. மச்சம்னா இப்படிப் பண்ணாது. துளி தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

"எதுக்கு?" என்றார் அக்கா.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "தோல்ல வர்ற ஒரு கேன்சரா இருக்கலாம்னு சந்தேகம். பயப்படாதீங்க, இது மெதுவா வளர்ற வகை. உடம்புக்குள்ள ஓடிப் பரவறது ரொம்ப ரொம்ப அபூர்வம். எடுத்துட்டா பெரும்பாலும் கதை முடிஞ்சுது. ஆனா விட்டா, இருக்கிற இடத்தை அரிச்சுக்கிட்டே போகும். உங்களுக்கு இருக்கிற இடம் கண்ணுக்குப் பக்கம். இப்ப எடுத்தா ஒரு தழும்போட போகும். விட்டுவெச்சா இமையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "எனக்குப் பொறந்ததுலேருந்து இருக்கிற மச்சம். அதுல கத்தி வெக்க நான் விடமாட்டேன்." அவ்வளவுதான். நாங்கள் வெளியே வருவதற்குள் அவர் தெருமுனைக்குப் போயிருந்தார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த வீட்டில் இதே பேச்சு. அவர் கெஞ்சினார், கோபித்தார், சாப்பிடமாட்டேன் என்று படுத்தார். அக்கா பிடித்த பிடியை விடவில்லை. நானும் என் பங்குக்குப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்க அடையாள அட்டைக்கு மனு எழுதினது நான். மொத அடையாளம் உதட்டோர மச்சம். ரெண்டாவதுக்கு ஒண்ணும் கெடைக்காம, முழங்கையில இருந்த சூட்டுத் தழும்பைத் தேடிக் கண்டுபிடிச்சு எழுதினேன். மூக்குக்குப் பக்கத்துல இத்தனை பெருசா ஒண்ணு இருந்திருந்தா நான் ஏன் முழங்கைக்குப் போறேன்?"

"உனக்குக் கண்ணு தெரியல. அதான் கண்ணாடி போட்டிருக்க" என்றார் அக்கா. பிறகு கணவரைப் பார்த்து, "அது அப்ப இல்லேன்னா போட்டோவுல காட்டுங்க பாக்கலாம். ஊரையே போட்டோ எடுக்கிறீங்கல்ல?" என்றார்.

மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், பலகை மூன்று தடவை தட்டப்பட்டது. போனேன். கம்ப்யூட்டர் முன்னால் பளிச் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். திரையில் ஜன்னல் படங்கள், வருஷ வாரியாக. கல்யாண நாள் படங்கள், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷப் படங்கள். எல்லாவற்றிலும் அக்கா. எல்லாவற்றிலும் அந்தக் கன்னம் கழுவி வைத்த பீங்கான் தட்டு போல இருந்தது. போன மாதம் எடுத்த படத்திலும்.

"பாத்தீங்களா ஜெராக்ஸம்மா? எதுலயும் இல்ல. போன மாசமே இல்ல. இதைக் கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பா."

"துடைக்கறதுக்கு முன்னாடி இருந்த படம்?"

"துடைச்சதை அது மேலயே சேவ் பண்ணிடுவேன். அழுக்குப் படத்தை எதுக்கு வெச்சுக்கணும்னு..." அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். மவுஸ் பிடிக்கிற கை. "இந்தக் கைக்குத் தெரியும். மொதல்ல அஞ்சாம் நம்பர் பிரஷ்ல ஒரு டிக், போயிடும். அப்புறம் எட்டு. அப்புறம் பன்னெண்டு. போன மாசம் பதினெட்டு வெச்சு மூணு தடவை அடிச்சேன். வளருதுன்னு கை சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான் நம்பரை மாத்திக்கிட்டே இருந்திருக்கேன். என் பொண்டாட்டி முகத்துல வந்த நோவை நானே அழிச்சு அழிச்சு..." முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவரை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்று பக்கத்தில் போய் நின்றேன்.

நின்றபோது முக்காலி கண்ணில் பட்டது. அதன்மேல் வெள்ளை அட்டை.

"அண்ணே, காலையில லைட் பாக்க எடுப்பீங்களே, அதையும் துடைப்பீங்களா?"

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கம்ப்யூட்டரில் லைட் என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர் மூலையில் கிடந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் லைட் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தவை. அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே சேர்ந்துபோயிருந்தன. மூவாயிரத்துக்குமேல் படங்கள். எல்லாவற்றிலும் அக்கா, தாடைக்குக் கீழே வெள்ளை அட்டை. ஈரத் தலை அக்கா, கொட்டாவி அக்கா, ஜலதோஷ அக்கா, இவரோடு பேசாமல் இருந்த நாளின் அக்கா. ஒன்றில்கூட அவர் கை படவில்லை. முதல் வருஷப் படங்களில் உதட்டோர மச்சம் இருந்தது. மூக்கோரம் ஒன்றும் இல்லை. நாலாவது வருஷம் பேனா முனையால் தொட்டது போல ஒரு புள்ளி. பிறகு கடுகு. பிறகு மிளகு. அப்புறம் அந்த மினுமினுப்பு. கடைசியில் நடுவில் குழி.

பத்துப் படம் பொறுக்கி அச்சுப் போட்டோம். சாயங்காலம் நானும் கூடப் போனேன். பளிச் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் அவற்றை வரிசையாகப் பரப்பினார். அக்கா நின்றபடியே பார்த்தார். முதல் படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அன்னைக்கு லைட் சரியில்ல. அதான் தெரியல."

நான் வாயைத் திறந்தேன். பளிச் கையமர்த்தினார். ஜன்னலில் ஒட்டியிருந்த எட்டுப் படத் தாளையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை அந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நம்ம கல்யாணமான நாள்லேருந்து உன் மச்சத்தை நான் ஒரு தடவையாவது துடைச்சிருக்கேனா?"

அக்கா எட்டுப் படத் தாளைக் கையில் எடுத்தார்.

"சொல்லு. ஒரு தடவை?"

"இல்ல."

"இதை ஏழு வருஷமாத் துடைக்கிறேன். உன்னோடதா இருந்தா என் கை அதுமேல போயிருக்குமா? இது உன்னோடது இல்ல. எங்கிருந்தோ வந்து உக்காந்திருக்கு."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும். புதுசுன்னு வந்தப்பவே தெரியும். முகத்துல கத்தி பட்டா, அப்புறம் நீங்க காலையில என்னை எப்படி..." முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போவது போலச் சமையலறைக்குப் போய், குடிக்காமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பரிசோதனையில் டாக்டர் சந்தேகப்பட்டதே உறுதியானது. மரத்துப்போக ஊசி போட்டு, அதையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, கன்னத் தோலை இழுத்துத் தைத்தார்கள். ஓரமெல்லாம் சுத்தம், கண்ணுக்குச் சேதம் இல்லை என்று அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. வெயிலில் போகும்போது முகத்தை மறைத்துக்கொள்ளவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். அவ்வளவுதான். தழும்பு மட்டும் மூக்கோரத்திலிருந்து கன்னத்தில் இறங்கி, ஒரு விரல் நீளத்துக்கு, சிவப்பாக இருந்தது.

அக்கா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பளிச் முக்காலியில் அட்டையை மட்டும் சாய்த்துவைத்து லைட் பார்த்தார். அட்டை வெள்ளையாகத்தான் தெரிந்தது, ஆனால் எடுத்த முகமெல்லாம் மஞ்சளாக வந்தது. தெருவுக்கே காமாலை கண்டது போல இருந்தது. "நான் வேணா உக்காரட்டுமா?" என்று கேட்டேன். உட்காரவைத்து எடுத்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "உங்க முகத்தை வெச்சு எனக்குச் சொல்லத் தெரியல ஜெராக்ஸம்மா. அவ முகம்னா எனக்குத் தெரியும்."

அந்த நாட்களில் இன்னொரு பைத்தியமும் பிடித்தது அவருக்கு. துடைப்பதற்கு முன்னால், வந்தவரைப் பிடித்துவைத்து, "இது எப்பலேருந்து இருக்கு? பெருசாகுதா? ரத்தம் வருதா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். "போட்டோ எடுக்க வந்தேனா, வைத்தியம் பாக்க வந்தேனா?" என்று ஒரு பஸ் டிரைவர் சண்டைக்கே போய்விட்டார். ஆனாலும் பளிச் டாக்டரிடம் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். "உங்க பக்கத்துக் கடைக்காரர் அனுப்புறதுல பாதி மரு, மீதி பாலுண்ணி. மெழுகு ஒட்டின மாதிரி இருக்கே, தானாப் பேத்து எடுத்திடலாம்போல இருக்கே, அதெல்லாம் வயசானா வர்றது, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிவைங்க" என்று டாக்டரம்மா என்னிடம் சிரித்தார். போகும்போது, "ஆனா நிறுத்தச் சொல்லாதீங்க" என்றும் சொன்னார்.

ஆறாவது வாரம் நான் அக்கா வீட்டுக்குப் போய் மஞ்சள் முகங்களில் நாலைக் காட்டினேன். வந்தவரையெல்லாம் அவர் பிடித்துவைத்து விசாரித்த கதையையும் சொன்னேன். "அவ முகம்னா எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அக்கா படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பலகைக்கு அந்தப் பக்கம் முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நேராப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுக் கண்ணை மட்டும் இங்க வெச்சா, அது நேராப் பாக்கறதா?"

முக்காலி இன்னொரு தடவை நகர்ந்தது. பிறகு படம் எடுக்கும் சத்தம். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். ஆமாம், அன்று ஒட்டுத்தான் கேட்டேன். மவுஸ் சத்தத்துக்காக.

"துடைச்சிடுங்க" என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது. "ஜன்னல்ல பழசு இல்ல. புதுசு ஒட்டணும்ல."

"லைட் பாக்கற போட்டோவை எவனாவது துடைப்பானா?"

ஒரு டிக்கும் கேட்கவில்லை. அக்கா அழுதது மட்டும் கேட்டது. அவர் அதைத் தடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

இப்போது ஜன்னலில் இருப்பது அந்தத் தாள்தான். எட்டுப் படம், எட்டிலும் அக்கா, உதட்டோர மச்சம், கன்னத்துத் தழும்பு, தாடைக்குக் கீழே வெள்ளை அட்டை. முகங்களெல்லாம் மறுபடி முகத்தின் நிறத்தில் வருகின்றன. "அந்தம்மா எதுக்கு அட்டையைப் புடிச்சிருக்காங்க?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "லைட் சரியா இருக்கான்னு பாக்கறா" என்பார். கேட்டவரை அப்படியே வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பார்.